தலைக்கு ஒரு சீட்டு, மனதுக்கு ஒரு சீட்டு

எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியின் மேல்தட்டில், மாத்திரைகள் போட்டுவைக்கும் பழைய பிஸ்கட் டப்பா ஒன்று இருக்கிறது. 2022 செப்டம்பர் மாதத்தின் கடைசி ஞாயிறன்று அதைத் தரையில் கவிழ்த்து, அந்த மாதம் தீர்ந்துபோன வலி மாத்திரை அட்டைகளைப் பொறுக்கி எடுத்து எண்ணினேன். தலைவலிக்காக அப்போதுதான் புதிதாகப் பார்க்கத் தொடங்கியிருந்த நரம்பியல் மருத்துவர், "மாசத்துல எத்தனை நாள் வலி மாத்திரை போடுறீங்க, டீச்சர்?" என்று கேட்டிருந்தார். வாரத்துக்கு இரண்டு, மூன்று நாள் இருக்கும் என்று சொல்லியிருந்தேன். பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை; அப்படித்தான் நம்பியிருந்தேன். அட்டைகளில் 46 குழிகள் காலியாக இருந்தன. ஒரு நாளைக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டாலும் 23 நாட்கள். அந்த எண்ணை மருத்துவரிடம் சொன்ன நாளில்தான், என் மனச்சோர்வைப் பற்றிய பேச்சும் முதன்முதலாக ஒரு மருத்துவர் முன்னால் எழுந்தது.

நான் திருச்சியில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் கணித ஆசிரியை. ஒற்றைத் தலைவலி எனக்கு 27 வயதில் தொடங்கியது. முதல் சில ஆண்டுகள் மாதத்துக்கு மூன்று, நான்கு முறை வரும். வாந்தி எடுத்து, விளக்கை அணைத்துப் படுத்தால் மறுநாள் விட்டுவிடும். 35 வயதுக்குள், வலி வந்த நாட்களை எண்ணுவதைவிட வராத நாட்களை எண்ணுவது எளிதாகிவிட்டது. மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ தலைவலி இருந்து, அவற்றில் குறைந்தது 8 நாட்கள் ஒற்றைத் தலைவலியின் குணங்களோடு வந்து, இந்த நிலை மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்தால் அதை நாட்பட்ட ஒற்றைத் தலைவலி என்று மருத்துவம் வகைப்படுத்துகிறது. சுக்குப் பற்று, நெற்றியில் உரைத்துப் போடும் நீர்க்கோவை மாத்திரை, தைலம், எண்ணெய்க் குளியலை நிறுத்துவது, மீண்டும் தொடங்குவது என்று எல்லாம் செய்து பார்த்தாகிவிட்டது.

மனச்சோர்வு எப்போது வந்தது என்று அதேபோல ஒரு வயதைச் சொல்ல முடியவில்லை. நம் பேச்சில் இதற்கெனத் தனிச் சொல் இல்லாததும் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். செய்தித்தாள் முதல் பக்கத்து வீட்டார் வரை எல்லோரும் "மன அழுத்தம்" என்றே சொல்கிறார்கள். வேலைப் பளுவும் மன அழுத்தம், தூக்கம் கெட்டு, பசி கெட்டு, எதிலும் பிடிப்பற்றுப்போய் வாரக்கணக்கில் கிடப்பதும் மன அழுத்தம். அப்படிச் சொன்னவுடன், "டென்ஷன் ஆகாதே, தலைவலி தானா சரியாயிடும்" என்ற பதில் வந்து நிற்கும். அந்தப் பதிலை நானே எனக்குத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்: தலைவலி போனால் மனம் தானாகச் சரியாகும். பத்து ஆண்டுகளுக்கு மேல் மனதுக்காக ஒரு மருத்துவரையும் பார்க்காமல் இருந்ததற்கு இந்த ஒரு வாக்கியமே போதுமானதாக இருந்தது. தலைவலி போகவில்லை, ஆகவே மனதின் முறை வரவேயில்லை.

இதற்கிடையில் தலைக்காகக் கொடுக்கப்பட்ட மருந்துகள் மனதைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தன. 2017-இல் ஒரு மருத்துவர் ஃபுளுனாரிசின் 10 மில்லிகிராம் இரவில் எழுதிக்கொடுத்தார். இந்தியாவில் ஒற்றைத் தலைவலித் தடுப்புக்கு மிகப் பரவலாகக் கொடுக்கப்படும் மருந்து அது. எனக்கும் பலன் தந்தது. மூன்றாவது மாதத்தில் வலி நாட்கள் கணிசமாகக் குறைந்தன. ஆனால் அதே மூன்று மாதங்களில் எடை 6 கிலோ கூடியது, காலையில் எழுந்திருப்பது மலையைப் புரட்டுவதுபோல ஆனது, விடைத்தாள் கட்டு மேசைமேல் கிடக்க அதைப் பார்த்தபடியே மாலை முழுவதும் உட்கார்ந்திருந்தேன். முதலில் கவனித்தவர் அம்மாதான். "மல்லிச் செடிக்கு நாலு நாளா தண்ணி ஊத்தலையே, உனக்கு என்னடி ஆச்சு?" என்று கேட்டார். அந்தச் செடி நான் ஆசையாக வைத்தது. அது வாடியதை நான் பார்த்திருந்தேன். பார்த்தும் எதுவும் தோன்றவில்லை என்பதை அம்மாவிடம் சொல்லத் தெரியவில்லை.

மனச்சோர்வு இப்போதோ முன்போ இருந்தவர்களுக்கு ஃபுளுனாரிசின் கொடுக்கக் கூடாது என்பது அம்மருந்தின் குறிப்பிலேயே உள்ள எச்சரிக்கை. அது கால்சியம் வாயில்களை அடைப்பதோடு மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் வேலையையும் ஓரளவு தடுக்கிறது. சோர்வும், சிலருக்கு நடுக்கமும் உடல் இறுக்கமும் வருவது அதனால்தான். இதை நான் தெரிந்துகொண்டது ஐந்து ஆண்டுகள் கழித்து. எழுதிக்கொடுத்தவர், உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ மனச்சோர்வு இருந்ததா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால், என் பாட்டி இரண்டு ஆண்டுகள் அறையை விட்டு வெளியே வராமல் இருந்ததைச் சொல்லியிருப்பேன். அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. அரை நிமிடத்தில் முடிந்துபோகும் கேள்வி அது.

அடுத்து டோபிராமேட், தலைவலித் தடுப்புக்கும் கொடுக்கப்படும் ஒரு வலிப்பு மருந்து. இன்னொரு தடுப்பு மருந்தான ப்ராப்ரனலால் எனக்கு ஆகாது, வீசிங் உண்டு, ஆகவே இது. 25 மில்லிகிராமில் தொடங்கி 100 வரை ஏற்றினார்கள். விரல் நுனிகள் மரத்து ஊறின, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். 2018 டிசம்பரில் ஒரு நாள், பிதாகரஸ் தேற்றத்துக்காகக் கரும்பலகையில் செங்கோண முக்கோணம் வரைந்துவிட்டு, சாக்பீஸை அதன் மிக நீளமான பக்கத்தின் மேல் வைத்தபடி நின்றேன். அந்தப் பக்கத்தின் பெயர் வரவில்லை. பதினான்கு ஆண்டுகள் சொல்லிக்கொடுத்த சொல். அது நாக்கின் நுனியிலும் இல்லை, அது இருந்த இடமே வெறுமையாக இருந்தது. வகுப்பு அமைதியாகக் காத்திருந்தது. பின்பு முதல் பெஞ்சில் இருந்த மாணவி மிக மெல்ல, எனக்கு மட்டும் கேட்கும்படி, "கர்ணம், மிஸ்" என்றாள். அன்று மாலை பேருந்தில் அழுதேன். சொல் தேடித் தடுமாற வைப்பது டோபிராமேட்டின் அறியப்பட்ட பக்கவிளைவு. அதோடு அது மனநிலையையும் கீழே இறக்கக்கூடியது. அந்த வகை வலிப்பு மருந்துகள் தற்கொலை எண்ணங்களைக் கூட்டலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இலேயே எச்சரித்திருந்தது. எனக்கோ, என் மூளைதான் தேய்ந்துகொண்டிருக்கிறது என்று தோன்றியது. மனச்சோர்வில் இருப்பவருக்கு, மருந்து செய்வதும் தன் தகுதியின்மைக்குச் சாட்சியாகவே தெரியும். ஐந்தாவது மாதத்தில் அதை நிறுத்திவிட்டு, வலி மாத்திரைகளையே நம்பி இருக்கத் தொடங்கினேன். அப்படித்தான் அந்த 46 குழிகள் வந்தன.

சாதாரண வலி மாத்திரைகளை மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ, ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள டிரிப்டான் வகை மாத்திரைகளையும் பல மருந்துகள் கலந்த வலி மாத்திரைகளையும் 10 நாட்களோ அதற்கு மேலோ தொடர்ந்து போட்டால், மாத்திரையே தலைவலியை வளர்க்கும் என்று புதிய மருத்துவர் விளக்கினார். அவர் இளவயதுப் பெண். எண்ணை எழுதிக்கொண்ட பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒன்பது கேள்விகள் கேட்டார்: ஆர்வம், தூக்கம், பசி, கவனம், தன்னைப் பற்றிய எண்ணம் என்று வரிசையாக. ஒன்பதாவது, உயிரோடு இருப்பதைவிட இல்லாமல் இருப்பது நல்லது என்று தோன்றியிருக்கிறதா என்பது. தோன்றியிருக்கிறது என்றேன். வலிக்காகத்தான், வலி நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் என்று உடனே விளக்கவும் செய்தேன். அவர் மறுக்கவில்லை. "காரணம் எதுவா இருந்தாலும், இதுக்குத் தனியா வைத்தியம் வேணும்" என்றார். அந்த ஒன்பது கேள்விகளுக்கும் சேர்த்து 27-க்கு என் மதிப்பெண் 19; எண் கூடக் கூட மனச்சோர்வு கடுமை என்று பொருள். அன்றே ஒரு மனநல மருத்துவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். நேரில் போகும்வரை தேவைப்பட்டால் பேசுங்கள் என்று சொல்லி, அப்போதுதான் தொடங்கப்பட்டிருந்த டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணையும் கடிதத்தின் ஓரத்தில் எழுதினார்: 14416. அந்த ஒன்பதாவது கேள்விக்கு ஆம் என்று சொல்லக்கூடிய யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், அந்த எண்ணை இப்போதே கைபேசியில் பதிந்துவையுங்கள். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

தலைவலி போனால் மனம் சரியாகும் என்ற என் நம்பிக்கையைப் பற்றியும் அவரிடம் கேட்டேன். அவர் ஓர் ஆய்வைச் சொன்னார்: ஆய்வாளர் நவோமி பிரெஸ்லாவும் அவருடன் பணியாற்றியவர்களும் அமெரிக்காவின் டெட்ராய்ட் பகுதியில் மக்களைத் தொடர்ந்து கவனித்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்குப் புதிதாக மனச்சோர்வு வரும் வாய்ப்பும், மனச்சோர்வு உள்ளவர்களுக்குப் புதிதாக ஒற்றைத் தலைவலி வரும் வாய்ப்பும் இரண்டுமே கூடுதலாக இருந்தன. ஒன்று முன்னே போக மற்றது பின்னே வருகிறது என்றால், முதலாவதைப் பிடித்தால் போதும். இரு திசையிலும் வருகிறது என்றால் அந்தக் கணக்கு உதவாது. எனக்கு அதைக் கேட்டபோது ஏமாற்றத்தைவிட ஆறுதலே அதிகமாக இருந்தது. என் மனம் பலவீனமானதால் தலை வலிக்கிறது என்றோ, தலைவலியைத் தாங்கத் தெரியாததால் மனம் உடைந்தது என்றோ ஒரு பக்கத்தைக் குற்றவாளியாக்க வேண்டியதில்லை.

வீட்டில் சொன்னபோது என் கணவர் கவலைப்பட்டார். மனநல மாத்திரை என்றால் அதற்கு அடிமையாகிவிடுவோம், விட முடியாது என்று அவருடைய அலுவலகத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். அவருடைய அக்கறை உண்மையானது. ஆனால் மாதத்தில் 23 நாட்கள் நான் வலி மாத்திரை விழுங்கியபோது அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும், நான் உட்பட, உச்சரித்ததில்லை. வலி மாத்திரையை அவரேதான் மெடிக்கல் ஷாப்பிலிருந்து வாங்கி வருவார், சீட்டு இல்லாமல். உண்மையில் எனக்குப் பழகிப்போய், போடாவிட்டால் வலிக்கும் நிலைக்குக் கொண்டுவந்தது அதுதான். டப்பாவைக் காட்டி இதைச் சொன்ன பிறகு, அடுத்த முறை மருத்துவரிடம் அவரும் உடன் வந்தார்.

மனநல மருத்துவர் நடுத்தர வயதுக்காரர், மெதுவாகப் பேசுபவர். அதற்குள் நரம்பியல் மருத்துவர் வலி மாத்திரைகளை நிறுத்தி, அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராமில் தொடங்கி 25-க்கு ஏற்றியிருந்தார். அமிட்ரிப்டிலின் 1960-களின் தொடக்கத்திலிருந்தே புழக்கத்தில் உள்ள பழைய மனச்சோர்வு மருந்து, ஒற்றைத் தலைவலியைத் தடுக்கவும் நீண்ட காலமாகப் பயன்படுவது, விலை குறைவு. ஆகவே இரண்டுக்கும் ஒரே மாத்திரை போதும் என்று நான் மகிழ்ச்சியோடு போய் உட்கார்ந்தேன். அவர் அந்த எண்ணத்தைப் பொறுமையாகத் திருத்தினார். தலைவலிக்கு உதவும் அளவும் மனச்சோர்வைத் தீர்க்கும் அளவும் ஒன்றல்ல. தலைக்கு 10, 25 என்ற அளவிலேயே பலன் தெரியலாம். மனதுக்கு வழக்கமாக 75 முதல் 150 வரை போக வேண்டும். 25-இல் நிறுத்திவிட்டு மனச்சோர்வுக்கும் மருந்து சாப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொள்வது, சிகிச்சை பெறாமலே சிகிச்சை தோற்றுவிட்டது என்று முடிவுகட்டுவதில் போய் நிற்கும். இந்த ஒரு விளக்கத்துக்காகவே அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். இரண்டு நோயும் உள்ள எத்தனையோ பேர் இந்த இடத்தில் ஏமாறுகிறார்கள் என்று எனக்குப் படுகிறது.

மூன்று வழிகளை ஒரு வெள்ளைத் தாளில் எழுதினார். அமிட்ரிப்டிலினையே மேலே ஏற்றுவது: நாக்கு வறட்சி, மலச்சிக்கல், எடை, காலை மந்தம் எல்லாம் கூடும், இதய மின்வரைபடம் எடுத்துப் பார்க்க வேண்டும், ஒரேயடியாக அதிகம் விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான மருந்து என்பதால், ஒன்பதாவது கேள்விக்கு நான் சொன்ன பதிலை வைத்து, ஒரு வாரத்துக்கு மேல் கையில் கொடுக்க மாட்டார். இரண்டாவது, தலைக்கு அமிட்ரிப்டிலினைக் குறைந்த அளவிலேயே வைத்துக்கொண்டு, மனதுக்கு எஸ்சிடலோப்ராம் போன்ற, மூளையில் செரடோனின் என்ற வேதிப்பொருளைக் கூட்டும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மருந்து ஒன்றைக் கண்காணிப்போடு சேர்ப்பது: மனச்சோர்வுக்கு நல்ல மருந்து, ஒப்பீட்டளவில் மென்மையானது, ஆனால் ஒற்றைத் தலைவலியைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை. மூன்றாவது, வென்லாஃபாக்சின்: மனச்சோர்வுக்கு உறுதியான பலன், ஒற்றைத் தலைவலிக்கும், பெரிய அளவில் இல்லாவிட்டாலும், ஓரளவு சான்று உண்டு, அமெரிக்க நரம்பியல் கழகத்தின் 2012 வழிகாட்டுதல் அமிட்ரிப்டிலினோடு அதையும் பலன் தரக்கூடிய மருந்துகளில் வைத்தது, ஆனால் ரத்த அழுத்தம் ஏறலாம், ஒரு வேளை மறந்தாலும் உடம்பு காட்டிக்கொடுக்கும்.

எழுதி முடித்துவிட்டு அவர் கேட்டது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "எது நல்ல மருந்துன்னு நான் சொல்லிடலாம் டீச்சர். எந்தப் பக்கவிளைவை வச்சுக்கிட்டு உங்களால வகுப்பு எடுக்க முடியும்னு நீங்கதான் சொல்லணும்." அதுவரை ஒரு மருத்துவரும் என்னிடம் கேட்டிராத கேள்வி. ஒரு நாளில் ஐந்து பாட வேளை நின்று பேசுபவளுக்கு நாக்கு வறட்சி சின்ன விஷயமல்ல. எடை மீண்டும் ஏறினால் மனம் அதைத் தாங்காது. சொல் மறப்பது மட்டும் கூடவே கூடாது. கையால் அடிக்கோடிட்டு ஒவ்வொன்றாகச் சொன்னேன். இரண்டாவது வழியைத் தேர்ந்தோம்.

அங்கே நான் ஒரு தவறு செய்தேன். எஸ்சிடலோப்ராம் தொடங்கிய முதல் வாரத்தில் தலைவலி கூடியது. தொடக்க வாரங்களில் அப்படிச் சிலருக்கு வரும், பிறகு அடங்கும் என்று அவர் சொல்லியே அனுப்பியிருந்தார். மனதுக்கான பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரங்கள் ஆகும் என்றும் சொல்லியிருந்தார். ஆனால் வலி மாத்திரையை நிறுத்திய வேதனை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. இருட்டறையில் ஈரத்துணியோடு பத்து நாட்கள் கிடந்து மீண்டிருந்த எனக்கு, மறுபடி நெற்றிப்பொட்டில் தெறித்த வலி பெரும் அச்சத்தைக் கொடுத்தது. பன்னிரண்டாம் நாள் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை விட்டுவிட்டேன். மனநல மருத்துவரைத் தொலைபேசியில் கூப்பிட வேண்டும் என்று தோன்றவில்லை. தலைவலிக்கு நரம்பியல் மருத்துவர், மனதுக்கு இவர் என்று பிரித்தே பழகியிருந்ததால், தலைவலியை இவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். ஒரு மாதம் வீணானது. 2023 ஜனவரியில் போய்ச் சொன்னபோது அவர் கடிந்துகொள்ளவில்லை. நரம்பியல் மருத்துவரை என் முன்னாலேயே அலைபேசியில் அழைத்துப் பேசினார். இரண்டு மருத்துவர்கள் என்னைப் பற்றி ஒருவரோடொருவர் பேசியது அதுவே முதல் முறை. அமிட்ரிப்டிலினை மெல்லக் குறைத்து நிறுத்தி, வென்லாஃபாக்சின் 37.5-இல் தொடங்கி 75, பிறகு 150 என்று போக முடிவானது.

அதன் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். முதல் பத்து நாட்கள் குமட்டல். வியர்வை, குறிப்பாகத் திருச்சியின் மே மாதத்தில், தாங்க முடியாதது. வாரம் ஒரு முறை ரத்த அழுத்தம் பார்த்துக் குறித்துவைக்கிறேன். ஒரு முறை மதுரைக்குத் திருமணத்துக்குப் போனபோது மாத்திரையை வீட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டேன். மறுநாள் மதியம் பந்தியில் தலையைத் திருப்பும்போதெல்லாம் மண்டைக்குள் மின்சாரம் சொடுக்கியதுபோல இருந்தது. இது அடிமைத்தனம் அல்ல, உடல் பழகிய மருந்து திடீரென்று நின்றதன் விளைவு என்பதையும், நிறுத்துவதாக இருந்தால் வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்பதையும் முன்பே கேட்டிருந்ததால் பயப்படவில்லை.

இன்னொரு குழப்பம் மருந்துக் கடையில் வந்தது. கடும் வலிக்கென நரம்பியல் மருத்துவர் எழுதிய, டிரிப்டான் வகையைச் சேர்ந்த சுமாட்ரிப்டானை, வென்லாஃபாக்சினோடு சேர்த்துப் பார்த்த கடைக்காரர் தரத் தயங்கினார். செரடோனின் அளவு மீறி ஏறும் ஆபத்து என்று 2006-இல் அமெரிக்காவில் வந்த எச்சரிக்கையை ஒட்டிய தயக்கம் அது. பின்னர் வந்த பெரிய ஆய்வுகளில் இவ்விரு வகை மருந்துகளையும் சேர்த்து உட்கொண்டவர்களிடம் அந்த நிலை மிக மிக அரிதாகவே காணப்பட்டது என்று மருத்துவர் விளக்கி, காய்ச்சல், நடுக்கம், படபடப்பு, குழப்பம் வந்தால் உடனே வரவேண்டும் என்றும் சொல்லி, மாதம் எட்டு நாட்களுக்கு மேல் போடக் கூடாது என்று வரையறுத்தார். கடைக்காரர் செய்தது சரி. அவர் கையில் இரண்டு சீட்டுகள் இருந்தன. என்னைப் பற்றிய முழு விவரம் எந்தச் சீட்டிலும் இல்லை.

மருந்தோடு, ஒரு மருத்துவ உளவியலாளரிடம் பன்னிரண்டு அமர்வுகள் போனேன். அதில் எனக்குப் பிடிபட்டது ஒன்று. வலி இல்லாத நாள் கிடைத்தால், தேங்கிய துணி, விடைத்தாள், உறவினர் வீட்டுக் கடமை என்று எல்லாவற்றையும் அன்றே முடித்துவிடப் பாய்வேன். மறுநாள் வலி வரும். வந்ததும், எதற்கும் லாயக்கில்லாதவள் என்ற எண்ணம் வரும். அவர் நல்ல நாளிலும் பாதி வேலையே செய்யச் சொன்னார். பாதியில் நிறுத்துவது எனக்கு மாத்திரையைவிடக் கடினமாக இருந்தது. கழுத்திலும் தலையிலும் போடும் போட்டாக்ஸ் ஊசி, ஒற்றைத் தலைவலியைத் தூண்டும் சி.ஜி.ஆர்.பி. என்ற புரதப் பொருளைத் தடுக்கும், அப்போது புதிதாக வந்திருந்த ஊசிகள் பற்றியும் மருத்துவரிடம் பேசினோம். திரும்பத் திரும்ப வரும் அந்தச் செலவை என் சம்பளம் தாங்காது என்பதால் இரண்டையும் தள்ளிவைத்தோம்.

இப்போது என் கைப்பையில் ஒரே ஒரு தாள் இருக்கிறது. நான் சாப்பிடும் எல்லா மருந்துகளும், முன்பு சாப்பிட்டு நிறுத்தியவையும், ஏன் நிறுத்தினேன் என்பதும், பாட்டியைப் பற்றிய ஒரு வரியும் அதில் உள்ளன. ஃபுளுனாரிசினின் பெயரைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். எந்த மருத்துவரிடம் போனாலும், கேட்பதற்கு முன்பே அதை மேசைமேல் வைத்துவிடுகிறேன்.

வலி நாட்கள் மாதத்துக்கு ஒன்பது, பத்தாகக் குறைந்திருக்கின்றன. நாட்குறிப்பில் இரண்டு வரிசைகள் போட்டிருக்கிறேன். தலைக்கு ஒன்று, மனதுக்கு ஒன்று, பூஜ்யம் முதல் பத்து வரை; எண் கூடினால் வேதனை கூடுதல். முதல் ஆண்டின் பக்கங்களில் இரண்டு எண்களும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டே ஏறும், இறங்கும்: 8-8, 6-7, 9-9. 2024 பிப்ரவரியில் திருப்புதல் தேர்வு நடந்த ஒரு வியாழன் வலி கடுமையாக வந்தது. மதியத்துக்கு மேல் அனுமதி வாங்கி வீட்டுக்கு வந்து, அறையை இருட்டாக்கிப் படுத்தேன். மாலையில் எழுந்து, ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு மல்லிச் செடிக்கு இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றினேன். இரவு நாட்குறிப்பை எடுத்து எழுதினேன்: தலை 8, மனம் 3.